காத்திருக்கக் கற்பித்தவர்: ஆதர் சி. கிளார்க்

ஆண்டுதோறும் மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை ஈறாகவுள்ள காலத்தில், மஸ்கெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரவு வேளையில் நோக்குவோர்க்கு ஓர் அரிய காட்சி புலனாகும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலையின் உச்சி வரை செல்லும் படிவழி நெடுகிலும் விளக்குகள் ஒளிர, மலை ஒளிமாலை சூடி நிற்பதுபோலத் தோன்றும். பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஒரே வழியில் ஏறுவர். உச்சியை அடைந்தோர் கடுங்குளிரில் ஒடுங்கியிருந்து ஞாயிற்றின் வரவுக்குக் காத்திருப்பர். ஞாயிறு எழுந்ததும் மலையின் நிழல் மேற்றிசையில் முக்கோண வடிவாக நீண்டு விழும். அதனைக் கண்ட பின்னரே இறங்குவர்.

இம்மலையை மணிமேகலை ஆசிரியர் சமனொளி எனக் குறித்தார். அவர்க்குப் பன்னூறு ஆண்டுகளின் பின், ஆங்கில நாட்டிற் பிறந்து இலங்கையில் வாழ்ந்து இலங்கை மண்ணிலேயே அடங்கிய ஒருவர், இதே மலையை 22ஆம் நூற்றாண்டுக் கதையொன்றுக்கு நிலைக்களமாக்கினார். அவரே விஞ்ஞானப் புனைகதை உலகிற் பெரும்புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க் ஆவர். 2008இல் அவர் மறைந்தபோது, இன்று பள்ளியிற் பயிலும் மாணவருட் பெரும்பாலோர் பிறந்திலர்.

அவரை இப்பொழுது நினைதற்குக் காரணம் ஒன்றுண்டு. புகழ்பெற்ற விஞ்ஞானக் கதைத் தொடர்களைத் தழுவி, மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகள் இந்நாளில் உலகெங்கும் வெளிவருகின்றன. விளையாட்டு கைக்கு வருமுன்னரே அதன் வரவை நாள் எண்ணிக் காத்திருக்கும் இளைஞர் கூட்டமும் பெருகியுள்ளது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கைத்தொலைபேசி வாயிலாக இவற்றை அறிந்து ஆவல் கொள்ளும் மாணவர் இருத்தல் வியப்பன்று. பெற்றோரும் ஆசிரியரும் இதனை வீண் பொழுதுபோக்கு என்று கடிதல் இயல்பே. ஆயினும் கடிவதற்கு முன் கிளார்க்கின் வாழ்வை ஒருமுறை நோக்குதல் தகும். அடுத்த இதழ் எப்பொழுது வரும் என்று ஏங்கிக் காத்திருந்த ஒரு சிறுவனே பின்னாளில் உலகைக் காத்திருக்கச் செய்த கதைஞராக வளர்ந்தான் என்பதை அவ்வாழ்வு காட்டும்.

இளமை

இங்கிலாந்தின் தென்மேற்கே சமர்செட் மாவட்டத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில், 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கிளார்க் பிறந்தார். தந்தையும் தாயும் தபாற் பகுதியிற் பணியாற்றியவர்கள். முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்து மீண்ட தந்தை பண்ணைத் தொழிலில் ஈடுபட்டார். அது செழிக்கவில்லை. கிளார்க்குக்குப் பதின்மூன்று வயதானபோது, 1931இல் தந்தை காலமானார். பிள்ளைகள் நால்வரையும் பண்ணையையும் காக்கும் பொறுப்பு தாயின் தோளில் விழுந்தது. மூத்தவர் கிளார்க்கே.

வறுமை வீட்டில் இருந்ததேயன்றி உள்ளத்தில் இருந்ததில்லை. சிறுவர் தாமே தொலைநோக்காடி அமைத்துச் சந்திரனின் பரப்பை வரைந்தார். விற்காது எஞ்சிய அமெரிக்க விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகள் அந்நாளில் ஆங்கில நாட்டுக் கடைகளில் மலிந்த விலைக்கு வந்தன. அவற்றைத் தேடித் திரட்டினார். ஓர் இதழ் கிடைத்தால் அடுத்த இதழ் கிடைக்குமோ கிடையாதோ என்னும் ஐயம் எப்பொழுதும் இருந்தது. மைன்ஹெட் நூல்நிலையத்தில் ஓலாவ் ஸ்டேபிள்டன் எழுதிய, மானிட குலத்தின் கோடிக்கணக்கான ஆண்டு எதிர்காலத்தைக் கூறும் நூலொன்றை எடுத்துப் படித்தார். அந்நூல் தம் வாழ்வின் திசையையே மாற்றியது எனப் பிற்காலத்திற் கூறிவந்தார். சிற்றூர் நூல்நிலையத்தின் ஒரு நூல் ஒரு சிறுவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை எவரும் முன்கூட்டி அளத்தல் இயலாது. தோட்டப் பாடசாலைகளில் நூல்நிலையம் வேண்டும் என்று வாதாடும் ஆசிரியர்க்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

டோண்டன் நகரத்து இலக்கணப் பள்ளியிற் கல்வி முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்லப் பணம் இல்லை. 1936இல் அரசாங்கப் பரீட்சையில் தேறி இலண்டன் சென்று, கல்விச் சபையில் ஓய்வூதியக் கணக்குகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். பகலில் ஓய்வூதியக் கணக்கைக் கூட்டிக் கழித்தவர், இரவிற் சந்திரனுக்குச் செல்லும் வழியைக் கணக்கிட்டார்.

அன்பர் குழாம்

விஞ்ஞானக் கதைகளை நேசிப்போர் அந்நாளிற் சிதறிக் கிடந்தனர். கதை வெளிவந்த சஞ்சிகைகளின் கடிதப் பகுதி வாயிலாகவே ஒருவரை ஒருவர் அறிந்தனர். 1937ஆம் ஆண்டு சனவரி மாதம் லீட்ஸ் நகரில் அத்தகையோர் சிலர் ஒன்றுகூடினர். விஞ்ஞானக் கதை அன்பர்க்கென முன்னேற்பாடு செய்து கூட்டப்பட்ட முதல் மாநாடு அதுவே என்பர். அச்சிறு கூட்டத்தில் இருபது வயதும் நிரம்பாத கிளார்க்கும் இருந்தார். இன்று பல்லாயிரவர் திரளும் பெருவிழாக்களுக்கு அச்சிறு கூட்டமே வித்து.

இன்னொரு குழாமும் அவரை ஈர்த்தது. 1933இல் லிவர்பூல் நகரில் தோன்றிய பிரித்தானியக் கிரகாந்தரச் சங்கத்தில் அடுத்த ஆண்டே அவர் சேர்ந்தார். சந்திரனுக்குச் செல்லும் கலமொன்றின் திட்டத்தை அச்சங்கத்தார் வரைந்தனர். உலகம் நகைத்தது. அவர்களிடம் கலமும் இல்லை, பணமும் இல்லை. இருந்தவை கணக்கும் பொறுமையுமே. பின்னர் கிளார்க் அச்சங்கத்தின் தலைவராக இருமுறை விளங்கினார்.

இங்கே நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. காத்திருத்தல் இருவகைப்படும். கையைக் கட்டிக்கொண்டு வருவது வரட்டும் என்றிருத்தல் ஒன்று. வரப்போவதற்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டு இருத்தல் மற்றொன்று. லீட்ஸில் கூடியவர்களும் சந்திரக் கலத்தை வரைந்தவர்களும் இரண்டாம் வகையினர். கதை அவர்க்குக் கணிதத்தைக் கற்பித்தது. கணிதம் அவர்க்குக் காலத்தைக் கடக்கும் துணிவைத் தந்தது.

வான்வழித் தூது

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கிளார்க் விமானப்படையிற் சேர்ந்தார். மூடுபனியில் வழிதெரியாத விமானத்தை ராடர் கருவியின் துணையால் தரையிலிருந்தே வழிநடத்தி இறக்கும் முறையிற் பணியாற்றினார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஆங்கில வானொலித் தொழில்நுட்ப இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கலத்தைச் சுற்றவிட்டால், அது பூமியைச் சுற்றும் காலமும் பூமி தன்னைத்தான் சுற்றும் காலமும் ஒன்றாகும். ஆதலின் தரையிலுள்ளோர்க்கு அது வானில் ஓரிடத்தே அசையாது நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்களை நிறுவினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம். இதுவே அக்கட்டுரையின் சாரம்.

அந்த வட்டப் பாதையை அவர்க்கு முன்னரும் சிலர் எண்ணியதுண்டு. அதனை உலகச் செய்திப் பரிமாற்றத்துக்குரிய முழுத் திட்டமாக வகுத்துரைத்த பெருமை கிளார்க்கினது. அக்கட்டுரைக்குக் கிடைத்த ஊதியம் 15 பவுண். கட்டுரை வெளிவந்தபோது மனிதன் ஏவிய செய்மதி ஒன்றுகூட வானில் இல்லை. 1964இற் சின்கொம் 3 என்னும் செய்மதி அந்நிலையில் நிறுத்தப்பட்டது. 1965 ஏப்பிரலில் வணிகச் செய்மதியாகிய ஏர்லி பேர்ட் ஏவப்பட்டது. எழுத்துக்கும் செயலுக்கும் இடையே இருபதாண்டுக் காத்திருப்பு.

இன்று மலைநாட்டுத் தோட்டங்களில் தகரக் கூரை வேய்ந்த பழைய லயங்களைக் காண்போர், கூரைதோறும் குழிந்த வட்டத் தட்டொன்று பொருத்தப்பட்டிருத்தலைக் காண்பர். அத்தட்டுகள் வானின் ஒரு திசையை நோக்கி அசையாதிருக்கின்றன. அவை நோக்கும் செய்மதியும் அசையாததுபோல் நிற்றலே காரணம். தொலைக்காட்சியில் விஞ்ஞானக் கதைத் தொடரைக் கண்டு களிக்கும் தோட்டத்துச் சிறுவன், ஓய்வூதியக் கணக்கரின் பழைய கனவொன்றின் கீழ் அமர்ந்திருக்கிறான். 1975இல் இந்திய விண்வெளி நிறுவனத்தார் செய்மதிவழிக் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பொறியியலாளரை அனுப்பிக் கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் அத்தகைய தட்டொன்றை நிறுவினர். எண்ணியவர் வீட்டுக்கே எண்ணம் வந்து சேர்ந்தது.

இலங்கை வாழ்வு

போருக்குப் பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்திலும் பௌதிகத்திலும் 1948இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அதன்பின் எழுத்தே தொழிலாயிற்று. 1951இல் வெளிவந்த விண்வெளி ஆராய்ச்சி நூலும், 1953இல் வெளிவந்த குழந்தைப் பருவத்தின் முடிவு என்னும் பொருள்படும் நாவலும் அவரை உலகறியச் செய்தன.

1954இல் அவுஸ்திரேலியக் கடலுக்கு நீர்மூழ்கச் செல்லும் வழியிற் கப்பல் கொழும்பில் நின்றது. அப்பொழுது கண்ட இலங்கை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1956இல் மீண்டும் வந்து இங்கேயே நிலைத்தார். விண்ணை எண்ணுபவர் கடலை நாடியது முரண் அன்று. நீரின் அடியில் எடையற்று மிதத்தல் விண்வெளியில் மிதத்தலுக்கு நெருங்கிய அனுபவம் என அவர் கருதினார்.

அதே ஆண்டு திருக்கோணமலையிற் சுவாமி மலையின் அடியில், நண்பர் மைக் வில்சனோடு கடலில் மூழ்கினார். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் வீழ்த்திய திருக்கோணேச்சரத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடக்கக் கண்டனர். வில்சன் மீட்ட இலிங்கம் இன்று அத்தலத்தில் வழிபடப்படுகின்றது. 1957இல் வெளியிட்ட நூலிற் கிளார்க் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தார். சம்பந்தர் பாடிய தலத்தின் இடிபாட்டை, எச்சமயத்தையும் சாராத ஓர் ஆங்கிலேயர் ஆழ்கடலிற் கண்டு வியந்து எழுதினார் என்பது தமிழர் மறவாது போற்றத்தக்க செய்தியாகும். 1961இல் தென்கடலிற் பாறைத் தொடரொன்றின் அருகே மூழ்கிய கப்பலிலிருந்து ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களும் இவர்கள் குழுவின் கைக்கு வந்தன.

அவர் இங்கே வாழ்ந்த காலம் மலைநாட்டுத் தமிழர்க்கு எத்தகையது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். கிளார்க் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு கூடி விண்வெளிக் கதையை வகுக்கத் தொடங்கிய 1964ஆம் ஆண்டிலேயே, இலங்கை இந்தியப் பிரதமர் இருவரும் ஒப்பந்தம் செய்து இம்மக்களை இரு நாட்டுக்கும் எண்ணிக்கையாற் பங்கிட்டனர். கடல் கடந்து வந்த எழுத்தாளர்க்கு இந்நாடு விருந்தினராய் வதியும் உரிமை அளித்து மகிழ்ந்தது. இம்மண்ணிற் பிறந்து கொழுந்து பறித்தவரோ 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை முழுத் தீர்வுக்குக் காத்திருந்தனர். இது கிளார்க்கின் குற்றமன்று, வரலாற்றின் கோணல். ஆயினும் காத்திருத்தல் என்பதன் பொருளை மலைநாட்டார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இராமனின் பெயர் தாங்கிய உலகம்

1968 ஏப்பிரலிற் குப்ரிக்கின் 2001 திரைப்படம் வெளிவந்தது. அதே ஆண்டு கிளார்க்கின் நாவலும் வந்தது. மறு ஆண்டு சந்திரனில் மனிதன் கால்வைத்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்நிகழ்ச்சியை விளக்கியோருள் அவரும் ஒருவர். 2001 கதைக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று வாசகர் காத்திருந்தனர். 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொடர்ச்சிகள் வெளிவந்தன.

எனினும் காத்திருத்தலின் கதையை முழுமையாகக் கூறுவது 1973இல் வெளிவந்த இராமா நாவலே. 2131ஆம் ஆண்டில் ஞாயிற்று மண்டலத்தினுள்ளே ஒரு பொருள் நுழைகின்றது. கிரேக்க, உரோமத் தெய்வப் பெயர்கள் முன்னமே முடிந்துபோனமையால், வானியலார் இந்துத் தெய்வப் பெயர்களை இடத் தொடங்கியிருந்தனர். ஆதலால் அதற்கு இராமா என்று பெயர் வாய்த்தது. நெருங்கிப் பார்த்தால் அது 50 கிலோமீற்றர் நீளமும் 20 கிலோமீற்றர் குறுக்களவும் உடைய உருளை. எவரோ அமைத்த கலம். உள்ளே இருளும் உறைந்த கடலும் ஆளில்லா நகரங்களும் உள. நோர்ட்டன் என்னும் தலைவரும் அவர் துணைவரும் விளக்கேந்தி உள்ளே செல்கின்றனர். கடல் உருகுகின்றது, ஒளி பிறக்கின்றது. ஆனால் அமைத்தவர் எவர் என்பது வெளிப்படவில்லை. மனிதரைப் பொருட்படுத்தாமலே இராமா தன்வழி சென்று மறைகின்றது.

நுவரெலியாவை அடுத்த சீதா எலியாவில், அசோக வனத்துச் சீதை இராமனுக்காகக் காத்திருந்தாள் என்று வழிவழி நம்பிவரும் நமக்கு, இராமன் பெயர் பூண்ட ஒன்று வந்தும் பேசாது போயிற்று என்னும் கதை தனிப்பட்ட ஏக்கம் தருவதாகும். புட்பக விமானத்தை எடுத்துக்காட்டி, இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று கூறி மகிழ்வோர் நம்மிடையே உண்டு. இரண்டும் வேறு என்பதை உணர்தல் நன்று. புராணக் கதை கேட்போரிடம் நம்பிக்கையை வேண்டுகின்றது. கிளார்க்கின் கதை கணக்கை வேண்டுகின்றது. இராமாவின் உள்ளே மனிதர் நடக்க எவ்வளவு வேகத்தில் அது சுழலவேண்டும், உருளையின் உட்புறத்திற் கடல் எவ்வாறு வளைந்து நிற்கும் என்பவற்றை மாணவர் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம். இரண்டையும் சுவைக்கலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கருதல் ஆகாது.

அந்நாவலின் இறுதி வாக்கியம், இராமாவை அமைத்தோர் எதனையும் மூன்றாகவே செய்வர் என்னும் குறிப்போடு முடியும். அவ்வாக்கியம் பின்னர் எண்ணிச் சேர்த்தது என்றும், தொடர்ச்சி எழுதும் கருத்து தமக்கு அப்பொழுது இல்லை என்றும் கிளார்க் விளக்கினார். வாசகரோ அதனை வாக்குறுதியாகவே கொண்டனர். 1950 முதற் கல்கி இதழிற் பொன்னியின் செல்வன் வாரந்தோறும் வந்தபோது நம்மவர் காத்திருந்தது ஏழு நாள். இராமாவின் அன்பர் காத்திருந்ததோ பதினாறு ஆண்டு. விண்வெளிப் பொறியியலாளர் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து எழுதிய இரண்டாம் பாகம் 1989இலும், பின்னிரு பாகங்கள் 1991, 1993 ஆகிய ஆண்டுகளிலும் வந்தன. அவற்றைப் படித்தோர் பலர் மனநிறைவு கொள்ளவில்லை. முதல் நூல் மறைத்து வைத்ததைப் பின்னவை விளக்கிவிட்டன. தாம் பதினாறு ஆண்டு தம் உள்ளத்திற் கட்டிய இராமாவே பெரிது என்று அவர்களுக்குத் தோன்றியது.

மலையும் மலையடிவாரமும்

1979இற் சுவர்க்கத்தின் ஊற்றுகள் என்னும் பொருள்படும் நாவலைக் கிளார்க் வெளியிட்டார். நிலத்திலிருந்து, செய்மதி நிற்கும் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு வடமொன்றைக் கட்டி, அதன்வழி கலங்களை ஏற்றி இறக்குதல் என்பது அதன் கரு. உருசிய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1895இலும், பொறியியலாளர் அர்த்சுத்தானோவ் 1960இலும் எண்ணிய எண்ணத்தைக் கிளார்க் கதையாக்கினார். அவ்வடத்தை நடுதற்குப் பூமத்திய ரேகையில் உயர்ந்த மலையொன்று வேண்டும். ஆதலால் இலங்கையைத் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் எனப் பழம்பெயர் இட்டு, சிவனொளிபாதமலையின் உயரத்தை இருமடங்காக்கி, ஸ்ரீ கந்த எனப் பெயரிட்டார். மலையுச்சியில் வாழும் துறவிகள் இடம்தர மறுக்கின்றனர். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் துறவிகள் மலையை விட்டு நீங்குவர் என்பது கதையினுட் கூறப்படும் ஐதிகம். ஒருநாட் புயற்காற்று அவற்றை உச்சிக்குச் சுமந்து செல்கின்றது. துறவிகள் நீங்குகின்றனர்.

2,243 மீற்றர் உயரமுள்ள நம் மலை இவ்வாறு விண்ணுக்கு ஏணியாயிற்று. உலகின் உயரிய விஞ்ஞானக் கதைப் பரிசில்களாகிய ஹியூகோ, நெபியூலா இரண்டும் அந்நூலுக்குக் கிடைத்தன. மலையைக் கண்டிராத பல இலட்சம் வாசகர் அதன் நிழலைக் கற்பனையிற் கண்டனர். எனினும் மலையடிவாரத்துத் தேயிலைத் தொழிலாளர் வாழ்வு அந்நாவலின் பொருள் அன்று. மலை எதிர்காலத்திற் புகுந்தது. மலையைப் பார்த்து நாள்தோறும் கூடை சுமந்தவர் அதனுள் புகவில்லை.

மேசையும் மேடையும்

இவ்விடத்திலேதான் பாத்திர விளையாட்டின் பொருள் விளங்குகின்றது. 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டு வெளிவந்து இவ்வகைக்கு வழிதிறந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, இன்ன இடத்தில் இன்னது செய்வேன் என்று கூறுவர். ஐயம் உள்ள இடத்திற் காய் உருட்டி முடிவு காண்பர். 1977இல் விண்வெளிப் பயணத்தை வைத்து டிராவலர் வந்தது. ஸ்டார் ட்ரெக்கும், 1987இல் ஸ்டார் வார்ஸும் இவ்வுருப் பெற்றன. டூன் என்னும் பெருங்கதை 2021இற் புதிய விளையாட்டாய் வந்தது. இராமா நாவல் 1984இலும் 1996இலும் கணினி விளையாட்டாக்கப்பட்டது. பின்னதிற் கிளார்க்கே தோன்றி ஆடுவோரிடம் பேசுகின்றார். நோர்ட்டன் விளக்கேந்தி நுழைந்த இருளில் இப்பொழுது வாசகனே நுழைகின்றான்.

மலைநாட்டார்க்கு இம்முறை புதிதன்று. மாசி மாத வளர்பிறையிற் காமன் கம்பம் ஊன்றி, தோட்டந்தோறும் காமன் கூத்து ஆடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பகலெல்லாம் மலையிற் பாடுபட்டவர், இரவில் மன்மதனாகவும் இரதியாகவும் விரதம் பூண்டு நிற்பர். மன்மதன் எரிவான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அறிந்தும் அந்த இரவுக்காக ஊர் காத்திருக்கும். காரணம், அங்கே எரிபவன் புராணத்து மன்மதன் மட்டும் அல்லன், தம் லயத்து மகனும் ஆவான் என்பதே. எழுதப்பட்ட கதையிற் தமக்கு இடம் இல்லாதபோது, ஆடப்படும் கதையில் இடம் செய்துகொள்ளும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மேசையைச் சுற்றியிருந்து ஆடுதலும் அவ்வழியின் பாற்பட்டதே. வேடமும் தப்பும் அங்கில்லை. கதையிற் புகும் உரிமை அங்கும் உண்டு.

விளையாட்டில் மயங்கிப் பாடத்தைக் கைவிடுதல் நன்றென்று எவரும் கூறார். ஆனால் ஒரு கதைத் தொடரின் விளையாட்டை எதிர்நோக்கும் மாணவன் அக்கதையின் நாடுகளையும் வரலாற்றையும் விதிகளையும் தானே திரும்பப் படிக்கின்றான். நண்பரோடு வாதாடுகின்றான். தன் பாத்திரம் எவ்விடத்துப் பிறந்தது, எதற்கு அஞ்சும், எதனை விரும்பும் என்று எழுதுகின்றான். கட்டுரை வகுப்பில் நாம் வேண்டி நிற்பதும் இதுவன்றோ? அவ்வார்வத்தைப் பயன்கொள்ளத் தெரிந்த ஆசிரியர்க்கு அது பெருந்துணை.

இறுதிக் காலம்

1962இற் கிளார்க்கைப் பற்றிய வாத நோய், பல ஆண்டுகளின் பின் மீண்டும் தலைகாட்டியது. போலியோவின் பின்விளைவு அது என 1988இற் கண்டறியப்பட்டது. பின்னர் அவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். நடக்க இயலாதபோதும் நீரில் மிதக்க இயன்றது என்பதில் அவர் மகிழ்ந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கினார். 1998இல் அவர்க்கு ஆங்கில அரசு அறிவித்த சேர் பட்டம் 2000ஆம் ஆண்டிற் சூட்டப்பட்டது. 2005இல் இலங்கை அரசு தன் உயரிய விருதாகிய ஸ்ரீலங்காபிமான்யவை அளித்தது. 2004 டிசெம்பர்க் கடற்கோள் ஹிக்கடுவையில் அவரது நீர்மூழ்குப் பயிற்சி நிலையத்தை அழித்தது.

அவர் பங்குகொண்ட இறுதி நாவல், பிரடெரிக் போல் என்பவரோடு சேர்ந்து எழுதிய இறுதித் தேற்றம். அதன் தலைவன் இரஞ்சித் சுப்பிரமணியன் என்னும் ஈழத் தமிழ் இளைஞன், திருக்கோணமலைக் கோயிற் குருவின் மகன். கணித உலகம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்ற வெர்மாவின் தேற்றத்துக்கு எளிய நிறுவல் ஒன்றைக் காண்பவன் அவன். அவனது உயிர்த்தோழன் ஒரு சிங்கள இளைஞன். அந்நட்பைத் தந்தை விரும்பாமையும், அதனால் நேரும் பிரிவும் கதையின் தொடக்கத்தில் உள்ளன. போர் மூண்டிருந்த நாட்டில், தொண்ணூறு வயது முதியவர் எதிர்காலத்தின் நாயகனாக ஒரு தமிழ் மாணவனைத் தேர்ந்தார். 1956இற் கோணேச்சரத்தின் கடலடியிற் கண்ட கற்கள் அரை நூற்றாண்டு கழித்து ஒரு மனிதனாக எழுந்தன என்று கூறலாம். நூலின் கையெழுத்துப் பிரதியைப் பார்வையிட்ட சில நாட்களில், 2008 மார்ச்சு 19ஆம் நாள் கிளார்க் கொழும்பிற் காலமானார். சமயச் சடங்கு எதுவும் கூடாது என்று அவர் எழுதி வைத்தபடியே பொரளை மயானத்தில் அடக்கம் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் நூல் வெளிவந்தது.

அவர் காண விரும்பிய விண்வடம் இன்னும் கட்டப்படவில்லை. இராமாவைத் திரைப்படமாக்குவதாக 2021இல் அறிவிப்பு வந்தபோது அன்பர் கூட்டம் மீண்டும் காத்திருக்கத் தொடங்கியது. இவற்றுள் எது வரும், எது வாராது என்பது நம் கையில் இல்லை. கோணமலைக் குருவின் மகன் அவர் கதையிற் புகுந்துவிட்டான். மஸ்கெலியாவில் கொழுந்து பறிப்பவளின் மகள், ஸ்ரீ கந்த மலையடியில் நின்று வடத்தை நிமிர்ந்து நோக்கும் பக்கம் எழுதப்படாமல் இருக்கின்றது. நாளை ஒரு மேசையைச் சுற்றி அமரும் நம் மாணவர் அவள் பாத்திரத்தை ஏற்று ஆடட்டும். ஆடியபின் எழுதட்டும். அப்பக்கத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் ஆசிரியராகிய நாமும் நிற்போமாக.